கரையானும் கண்ணுக்குத் தெரியாத புழுவும்

கரையான் என்றால் பட்டணத்தில் இருப்பவர்களுக்குக் கதவு நிலையும் புத்தக அலமாரியும்தான் ஞாபகம் வரும். எங்களுக்குச் சோளமும் மக்காச்சோளமும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இரண்டு மழை தவறினால் போதும், தண்டைச் சுற்றி மண் அப்பிக்கொண்டு ஏறும். தூர இருந்து பார்த்தால் பயிர் நிற்கிற மாதிரிதான் இருக்கும். கையால் தள்ளினால் அடித்தண்டு முழுக்க மண்ணு, அப்படியே சாயும். அறுத்துப் போர் போட்ட தட்டையும் விடாது. மேலே நல்லாத்தான் இருக்கும், மாட்டுக்குப் பிடுங்கிப் போடப் போனால் அடியில் தூளாகக் கொட்டும்.

அம்மாபேட்டை என்றதும் சேலத்துக்காரர்களுக்குத் தறிச்சத்தமும் உழவர் சந்தையும்தான் முதலில் தோன்றும். அங்கிருந்து கிழக்கே உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம் என்று போனால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் ஜருகுமலை, நடுவில் செம்மண்ணும் சரளையும். கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலத்தை நாங்கள் தோட்டம் என்போம். மழையை நம்பிக் கிடப்பதைக் காடு என்போம். இந்த இரண்டு வார்த்தையையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி தேவைப்படும்.

"கரையானுக்கு எதுக்குங்க விஷம்? அதைக் கொல்ற புழு இருக்குதாமே, வாங்கி ஊத்தினாப் போதுமாமே?" என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நன்மை செய்யும் நூற்புழு என்று அதற்குப் பேர். அப்படி ஒரு புழு இருப்பது நிஜம். அதில் ரொம்ப முக்கியமான ஒன்று நம்ம கொங்கு மண்ணிலேயே கண்டுபிடித்தது என்பதும் நிஜம். ஆனால் வாங்கி ஊத்தினால் போதுமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பின்னாடி இருநூற்றைம்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் பதிலும் தெரியும்.

தரங்கம்பாடிக்கு வந்த டாக்டர்

கரையானைப் பற்றி உலகத்திலேயே முதலில் விஞ்ஞான முறையில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் நம்ம தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். பேர் யோகான் கெரார்ட் கோனிக். செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பேர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். 1785இல் காக்கிநாடா பக்கம் இறந்துபோனார். நம்ம வீட்டுக் கருவேப்பிலையின் விஞ்ஞானப் பேரில் 'கோனிகி' என்று ஒரு வார்த்தை வரும். அது இவர் பேர்தான், அவருடைய குருநாதரே வைத்தது.

வெள்ளை எறும்பு என்று வெளிநாட்டார் சொல்லிவந்த கரையானைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சாயிற்று. புற்றுக்குள்ளே கரையான் ஒருவிதப் பூஞ்சையை வளர்க்கிறது என்பதை அதில் எழுதியிருக்கிறார். ஈசல் பிடிக்கிற விதத்தையும் சொல்லியிருக்கிறார். புற்றில் காற்று வருகிற பக்கம் ஒரு ஓட்டை, எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை. எதிர்ப்பக்கத்தில் கருவேப்பிலையைத் தேய்த்த பானையை வைத்துவிட்டு, காற்று வருகிற பக்கம் நாற்றமெடுக்கிற சாமானைப் போட்டுப் புகை போட வேண்டியது. ஈசல் எல்லாம் பானைக்குள் வந்து விழும். சில சமயம் நல்லபாம்பும் கூடவே வருமாம். இருக்கும்தானே! கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபோகும் என்று நாம் சும்மாவா சொல்கிறோம்.

ஈசல் தின்பது நமக்குப் புதுசு இல்லை. செம்புற்று ஈசலைப் புளித்த மோரில் சமைத்த செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் வறுத்துப் பொரியோடு கலந்து தின்பார்கள். மழை விட்டதும் புற்றைச் சுற்றி முளைக்கிற காளானுக்கு அடிதடியே நடக்கும். அந்தக் காளானும், கோனிக் பார்த்த பூஞ்சையும் ஒன்றுதான். காய்ந்த தட்டையும் சருகையும் இழுத்துக்கொண்டு போய், அதில் பூஞ்சையைப் பயிர் பண்ணி, அது பக்குவப்படுத்தித் தருவதைத்தான் இந்த வகைக் கரையான் தின்கிறது. அப்படிப் பார்த்தால் அதுவும் பண்ணயம் பார்க்கிற ஜீவன்தான்.

நம்ம முன்னோர் இதைப் பகையாளி என்று மட்டும் நினைக்கவில்லை. புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினார்கள். பயிருக்குள் வந்தால் வேப்பம் புண்ணாக்கு போட்டார்கள், எருக்கந்தழையை வாய்க்காலில் போட்டுத் தண்ணீர் கட்டினார்கள், ரொம்ப மிஞ்சினால் புற்றை வெட்டி ராணியை எடுத்தார்கள். முழுசாகப் போகாது. விளைச்சலில் ஒரு பங்கு அதுக்கு என்று விட்டுவிடுவார்கள்.

மண்ணில் தங்கிய விஷம்

அந்தப் பங்கையும் விட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் பொடி மருந்து. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டி.டி.டி. வந்தது. பின்னாலேயே பி.எச்.சி., ஆல்ட்ரின், டைல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று வரிசை கட்டி வந்தன. ஆல்ட்ரின், டைல்ட்ரின் என்ற பேர்கள் ஆல்டர், டீல்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியல்காரர்களை வைத்து வந்தவை. 1950இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். விஷத்தை அவர்கள் செய்யவில்லை, அவர்கள் கண்டுபிடித்த வழியில் மற்றவர்கள் செய்தார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் விதைப்புக்கு முன்னாடி பி.எச்.சி. பத்து சதப் பொடியை மணலில் கலந்து வெறுங்கையால் தூவுவார்கள். மூக்கில் துண்டு கட்டுகிற பழக்கம்கூடக் கிடையாது. அந்த மக்கின வாடை சட்டையை விட்டுப் போக இரண்டு மூணு நாளாகும். ஆனால் ஒன்று, கரையான் நின்றது. அந்த வருஷம் மட்டும் இல்லை, அடுத்த வருஷமும்.

ஏன் நின்றது என்பதுதான் இந்தக் கதைக்கே அச்சாணி. இந்த விஷங்கள் மண்ணில் வருஷக்கணக்கில் அழியாமல் கிடக்கும். கரையான் எப்போது மேலே வந்தாலும், எந்தப் பக்கம் வந்தாலும் விஷம் அங்கே காத்துக்கொண்டு இருக்கும். அதனால்தான் வேலை செய்தது. அதே காரணத்தால்தான் ஒழிக்கவும் வேண்டியதாயிற்று. அழியாத விஷம் மண்ணிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் நெய்க்கும் போனது. கொழுப்பில் போய்த் தங்குகிற சரக்கு அது. தாய்ப்பாலிலேயே கண்டுபிடித்தார்கள்.

1996இல் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றையும் நம்ம நாட்டில் தடை செய்தார்கள். 1997இல் பி.எச்.சி. போனது. 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் போட்டு, உலகத்தை விட்டே ஒழிக்க வேண்டியவை என்று முதலில் 12 சரக்குகளைக் குறித்தார்கள். அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்க. ஆல்ட்ரின், டைல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், மைரெக்ஸ் என்று அஞ்சு சரக்கு கரையானுக்கும் அடித்த மருந்துதான்! இத்துனூண்டு பூச்சிக்காக மனுஷன் எவ்வளவு தூரம் போயிருக்கிறான் பாருங்க.

அதுக்குப் பிறகு குளோர்பைரிபாஸ் வந்தது. இது அந்த அளவுக்கு மண்ணில் தங்காது, ஆனால் விஷம் விஷம்தான். 2023 தொடக்கத்தில் தமிழக அரசு இதையும் சேர்த்து ஆறு மருந்துகளை 60 நாளைக்கு நிறுத்தி வைத்தது. காரணம் பூச்சி இல்லைங்க, தற்கொலை. கிராமத்தில் மருந்து பாட்டில் வீட்டு மூலையிலோ மாட்டுக்கொட்டாயிலோதான் இருக்கும். கோபத்தில் கைக்கு எட்டுகிற தூரம். பயிருக்கு வாங்கியதை மனுஷன் குடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2025இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் குளோர்பைரிபாஸையும் சேர்த்துவிட்டார்கள், சில விலக்குகளோடு. இதுவும் போகிற மருந்துதான். அப்போ அடுத்தது என்ன என்பது எங்களுக்கு வெறும் பேச்சு இல்லை. வயிற்றுப்பாடு.

கோல்ஃப் மைதானத்தில் கிடைத்த புழு

இனி புழுவுக்கு வருவோம். நூற்புழு என்றதும் தக்காளி, கத்தரி வைக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். வேரில் முடிச்சுப் போடுகிற புழு ஞாபகம் வரும். அது வேற சாதி. இது செடியைத் தொடாது, பூச்சிக்குள் மட்டும்தான் போகும்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ஜப்பான் வண்டு என்று ஒன்று புல்வெளிகளை அழித்துக்கொண்டிருந்தது. 1929இல் அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் செத்துக் கிடந்த வண்டுப்புழுக்களுக்குள் கிளேசர் என்ற ஆராய்ச்சியாளர் நுண்ணிய நூற்புழுக்களைப் பார்த்தார். ஸ்டைனர் என்பவர் அதை ஆராய்ந்து கிளேசர் பேரையே வைத்தார். கிளேசர் அந்தப் புழுவைப் பூச்சி இல்லாமலே சத்துக்கூழில் வளர்க்கவும் வழி கண்டுபிடித்து, 1930களில் வயல்களில் விட்டுப் பார்த்தார்.

நல்லாப் போய்க்கொண்டிருந்த வேலை. டி.டி.டி. வந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். பொடி ஒன்று போட்டால் எல்லாப் பூச்சியும் சாகும்போது புழுவை யார் வளர்ப்பார்கள்?

1950களில்தான் மறுபடி தொட்டார்கள். அப்போது கிடைத்த ஒரு வகைக்கு டிடி-136 என்று எண் போட்டுப் பேர். அது நம்ம நாட்டுக்கும் வந்தது. 1966இலேயே ராவ், மஞ்சுநாத் என்ற இருவர் பல பூச்சிகளைக் கொல்லும் புழு என்று அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நெற்பயிர்ப் பூச்சிகள் மேலும் விட்டுப் பார்த்தார்கள். ஆனால் குளிர்நாட்டுப் புழு நம்ம வெயிலைத் தாங்கவில்லை. அதுவுமில்லாமல் அந்தச் சமயம் பசுமைப் புரட்சி வந்து, வீதிக்கு ஒரு மருந்துக்கடை முளைத்தது. இரண்டாம் தடவையும் புழுவை மறந்தார்கள்.

இது எப்படிக் கொல்கிறது என்பதும் அந்த 1960களில்தான் தெளிவாயிற்று. புழு அரை மில்லிமீட்டர்தான் நீளம். பூச்சியின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே போகும். போனதும் தன் குடலில் வைத்திருக்கும் பாக்டீரியாவைக் கக்கும். பூச்சியைக் கொல்வது அந்த பாக்டீரியாதான். இரண்டு மூன்று நாளில் பூச்சி சாகும். செத்த பூச்சி பாக்டீரியா பெருகும் பானை மாதிரி. அதைத் தின்று புழு பெருகும். தீனி தீர்ந்ததும் லட்சக்கணக்கில் வெளியே வந்து அடுத்த பூச்சியைத் தேடும். சாம்பாருக்குப் புளி மாதிரி, ஒன்றில்லாமல் ஒன்று இல்லை.

கோயம்புத்தூர் மண்ணில் ஒன்று

1912இல் ஆரம்பித்த கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே கரும்பில் நுனிக்குருத்துத் துளைக்கும் புழுவுக்குள் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். கருணாகர், டேவிட் என்ற இருவரும், அமெரிக்காவின் ஜார்ஜ் பாய்னரும் சேர்ந்து 1992இல் அதை விவரித்துப் பேர் வைத்தார்கள். ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா. இந்தப் பாய்னர் யார் தெரியுமா? மரப்பிசின் கல்லுக்குள் சிக்கிய பழங்காலத்துப் பூச்சிகளை ஆராய்ந்தவர். 'ஜுராசிக் பார்க்' கதைக்கு விதை போட்ட ஆராய்ச்சிகளில் அவருடையதும் ஒன்று.

இந்தப் புழு நம்ம சூட்டைத் தாங்கும். ஒரே ஒரு புழு உள்ளே போனாலும் போதும், முதல் தலைமுறையில் ஆண் பெண் இரண்டும் ஒன்றுக்குள்ளேயே இருக்கும். இதன் தாக்குதலில் செத்த பூச்சி செங்கல் நிறத்துக்கு மாறும். இருட்டில் உற்றுப் பார்த்தால் அந்த பாக்டீரியாவால் லேசாக மினுங்கக்கூடச் செய்யும். பிறகு 2000இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வெயில் தாங்கும் இன்னொரு வகையையும் கண்டுபிடித்தார்கள். பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையம் இண்டிகாவைத் தண்ணீரில் கரைக்கிற தூளாகச் செய்து, கரும்பிலும் பாக்கிலும் வேரைத் தின்கிற வெள்ளைப்புழுவுக்குக் கொடுத்தது. அது நல்லாவே வேலை செய்கிறது.

அப்போ கரையானுக்கு?

இங்கேதான் கதை முட்டி நிற்கிறது. ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கரையானையும் கொஞ்சம் புழுவையும் விட்டால் கரையான் செத்துப்போகும். பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் விளம்பரம். ஆனால் வெளி மண்ணில் நடப்பது வேறு. 1989இல் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் மால்டினும் பீலும் வெளியில் சோதித்துவிட்டு, கரையான் கட்டுப்படவில்லை என்று எழுதினார்கள்.

காரணம் என்ன? வெள்ளைப்புழு தனி ஆள். மண்ணுக்குள் ஒரு இடத்தில் கிடக்கும், தப்பித்துப் போகத் தெரியாது, உடம்பும் பெரிசு. புழுவுக்கு விருந்து. கரையான் ஒரு ஆள் இல்லை, அது ஒரு ஊர். ஒன்றின் மேல் புழு ஒட்டினால் இன்னொன்று நக்கிச் சுத்தம் பண்ணிவிடும். ஒரு பக்கம் நோய் வந்தது தெரிந்தால் அந்தப் பக்கத்து வழியை மண் வைத்து அடைத்துவிட்டு வேறு வழியில் போகும். உடம்பும் சின்னது, அதனால் செத்த கரையானுக்குள் புழு அதிகம் பெருகாது. முக்கியமாக, நாம் மேலே ஊற்றுகிற புழு ராணி இருக்கிற ஆழத்துக்குப் போய்ச் சேராது. ராணி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். மேலே ஆயிரம் செத்தால் அவளுக்கு என்ன?

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நூற்புழு மண்ணில் இருக்கும் ஈரப் படலத்தில்தான் நீந்தும். ஈரம் காய்ந்தால் சாகும், வெயில் பட்டால் சாகும். கரையான் பயிரை எப்போது கடிக்கும்? வறட்சியில்தான். அதாவது கரையான் வருகிற நேரம் புழு இருக்க முடியாது. புழு இருக்க முடிகிற நேரம் கரையானே அவ்வளவாக வராது. முதலில் சொன்ன காடும் தோட்டமும் இதுக்குத்தான். மானாவாரிச் சோளக்காட்டில் நூற்புழுவை ஊற்றுவது காசைக் கொண்டுபோய்ச் சரளையில் கொட்டுகிற மாதிரி. கிணற்றுப் பாசனத் தோட்டத்தில், தண்ணீர் கட்டி, சாயங்காலமாக விட்டால் கொஞ்சம் பலன் இருக்கலாம். வயலுக்கு விடுகிற வழக்கமான கணக்கு எக்டருக்கு 250 கோடி புழு, ஏக்கருக்கு 100 கோடி. அவ்வளவும் உயிரோடு இருக்க வேண்டும்.

தானியப் பயிரில் இந்தப் புழுவுக்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கரையான் இல்லை. 2018இல் படைப்புழு நம்ம நாட்டுக்கு வந்து, சேலம் நாமக்கல் மக்காச்சோளத்தை எல்லாம் சல்லடையாக்கியது ஞாபகம் இருக்கும். அந்தப் புழு குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். குருத்து என்பது நிழல், ஈரம், பனித்தண்ணீர் தேங்குகிற குவளை. அந்தக் குவளைக்குள் நூற்புழுக் கரைசலை ஊற்றினால் அதுக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. அதே மக்காச்சோளம்தான். மேலே குருத்தில் பலிக்கிறது கீழே தூரில் பலிக்கவில்லை. மருந்து மாறவில்லை, இடம் மாறியது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பழைய விஷத்துக்கு இடமும் நேரமும் தெரிய வேண்டியது இல்லை. எங்கே போட்டாலும் கிடந்து கொல்லும், அதுதான் அதன் பலம், அதுதான் அதன் பாவம். உயிருள்ள மருந்து அப்படி இல்லை. அதுக்குத் தாகம் எடுக்கும், வெயில் சுடும், எதிராளி புத்திசாலியாக இருந்தால் தோற்றும் போகும். விஷம் செய்த வேலையை அப்படியே புழுவும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் புழுவைத் திட்டிவிட்டு மறுபடி விஷத்துக்கே போவோம். அப்படித்தான் இரண்டு தடவை மறந்தோம். மூன்றாம் தடவையும் மறக்கக் கூடாது.

ராணிவரைக்கும் புழுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியை யாராவது கண்டுபிடித்தால் இந்தக் கதை முடியும். அதுவரைக்கும் நாங்கள் செய்வது பழைய வேலைதான். மக்காத குப்பையை வயலில் போடுவதில்லை, அது கரையானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. நன்றாக மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் அடியில் போடுகிறோம். கதிர் பிடிக்கிற சமயம் தோட்டத்தில் ஒரு தண்ணீர் தவறாமல் கட்டுகிறோம். அறுத்த காட்டில் கொஞ்சம் காய்ந்த தட்டைக் கிடக்க விடுகிறோம். தின்பதற்குச் சருகு இருந்தால் பச்சைப் பயிருக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

நீங்கள் மாடித்தோட்டத்துக்கோ வீட்டுக்கோ இந்தப் புழுவை வாங்குவதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்க. எப்போ தயார் செய்தது, எந்தச் சூட்டில் வைத்திருந்தீர்கள் என்று. வெயிலில் காய்ந்த கடையில் மாசக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் இருப்பது புழு இல்லை, வெறும் தூள்.